தினமும் மரண அறிவிப்புகளைப் படிக்கிறேன், இது நோயா?

ஆறு பக்கக் கடிதம், அழகான கையெழுத்து. எழுதியவர் 68 வயதுப் பெண்மணி. பள்ளியில் 31 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அவர் சொன்னதைச் சுருக்கமாக முதலில் தருகிறேன்.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து பேப்பரை எடுத்தால் அவர் முதலில் திருப்புவது மரண அறிவிப்புகள் வரும் பக்கத்தைத்தான். தலைப்புச் செய்தியெல்லாம் அப்புறம். புகைப்படத்தைப் பார்ப்பார், தோற்றம், மறைவு என்று போட்டிருக்கும் தேதிகளைப் பார்ப்பார், மனத்துக்குள் கழித்துக்கொள்வார். தெரிந்த முகம் எதுவும் இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவார். “காலங்காத்தாலே எதுக்கு அது?” என்று கணவர் முணுமுணுப்பார், அவ்வளவுதான். பத்து ஆண்டுகள் இப்படியே போயின.

கடந்த 14 மாதங்களாக அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு நோட்டு வாங்கி, கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரித்து, அறிவிப்பில் வரும் ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் எழுதி வருகிறார். மூன்றாவது பத்தியில் தன் வயதோடு ஒப்பிட்டு ஓர் எண். 81 வயதில் போனவருக்கு +13. 64 வயதில் போனவருக்கு −4. மாதக் கடைசியில் சராசரி எடுக்கிறார். சென்ற மாதச் சராசரி 71. “அப்படியென்றால் எனக்கு இன்னும் மூன்று வருஷம்தானே டாக்டர்?” என்று கேட்கிறார். கூட்டல் குறி போடும்போது மூச்சு சீராகிறதாம். கழித்தல் குறி விழும் நாளில் வயிற்றைப் பிசைகிறதாம். தெரிந்தவர் பெயரைப் பார்க்கும்போது, துக்கம் வருவதற்கு முன்னால், ‘நான் இல்லை’ என்று ஒரு நொடி நிம்மதி எழுவதாகவும் எழுதியிருக்கிறார். அதை நினைத்து நினைத்துக் கூசிப்போகிறார்.

இரண்டு மாதங்களுக்கு முன் மகன் அந்த நோட்டைப் பார்த்துவிட்டார். அம்மாவுக்கு மனச்சோர்வு என்று அவரே முடிவு செய்து, பேப்பர் போடுவதை நிறுத்திவிட்டார். அம்மா இப்போது இரவில் போர்வைக்குள் போனை வைத்துத் தேடிப் படிக்கிறார். அப்படிக் கண்ணில் பட்ட ஓர் இணையப் பக்கத்தை நம்பி, கூட வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் காலமாகிவிட்டார் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். மறுநாள் காலையில் அந்த ஆசிரியரே “நான் நலமாக இருக்கிறேன்” என்று பதில் போட்டாராம். அதிலிருந்து குழுவில் யாரிடமும் பேச முகம் இல்லை. தூக்கமும் போய்விட்டது, கணவருக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை வாரத்தில் மூன்று நாள் போட்டுக்கொள்கிறார்.

ஐந்தாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது, ஒரு தோழி வருகிறார். ஆசிரியர் அறையில் 19 ஆண்டுகள் ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்டவர். விடைத்தாள்களைப் பச்சை மையில்தான் திருத்துவாராம். சிவப்பைப் பார்த்தால் பிள்ளைகள் மிரள்கிறார்கள் என்பாராம். ஒரு பதவி உயர்வு விஷயத்தில் இருவருக்கும் மனக்கசப்பு வந்து, 12 ஆண்டுகள் பேச்சில்லாமல் போனது. இவர் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டு பேப்பர் பக்கமே போகாத ஒரு வாரத்தில் அந்தத் தோழி இறந்திருக்கிறார். பிறகு ஒருநாள் அலமாரித் தட்டில் விரிக்கப் பழைய பேப்பரை எடுத்தபோது, அதில் தோழியின் படம். அறிவிப்பு வந்து 11 நாட்கள் ஆகியிருந்தன. வயது 66. “மடித்து வைத்துவிட்டு மிச்ச வேலையைப் பார்த்தேன்” என்று எழுதியிருக்கிறார்.

கேள்விகள் நான்கு. இது மனநோயா? படிப்பதை அடியோடு விட்டுவிட வேண்டுமா? மகன் செய்தது சரியா? மருந்து தேவையா?

அன்புள்ள அம்மா,

உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றை நான் உங்களிடம் கேட்க வேண்டும். நான்காம் பக்கத்தின் கடைசியில் “இருந்து நான் என்ன செய்யப்போகிறேன்” என்று ஒரு வரி இருக்கிறது. அலுப்பில் வாய்தவறி வரும் பேச்சாகவும் இருக்கலாம். ஆனாலும் என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நேராகவே கேட்கிறேன்: செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது வந்ததா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டதும் பலருக்குப் பாரம் இறங்குகிறது என்பதுதான் என் போன்றவர்களின் அனுபவம். உங்கள் பதில் ‘ஆம்’ என்றால் இந்தப் பதிலின் மிச்சத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றே, இப்போதே, கணவரிடமோ மகனிடமோ மருமகளிடமோ சொல்லுங்கள். உங்களைத் தனியே விடாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். அந்த மாத்திரைப் பட்டை உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும்.

‘இல்லை’ என்றால் மேலே படியுங்கள்.

பழக்கம் வேறு, நோட்டு வேறு

நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கேட்கிறீர்கள். உங்கள் மகனும் அப்படித்தான் பார்க்கிறார். நான் பிரித்துப் பார்க்கிறேன். மரண அறிவிப்பு படிப்பது பத்து ஆண்டுப் பழக்கம். நோட்டுக்கு வயது 14 மாதம்.

பழக்கத்தை நான் நோய் என்று சொல்லமாட்டேன். வயது ஏறும்போது அந்தப் பக்கத்தில் தெரிந்த பெயர்கள் கூடுகின்றன; கண் தானாக அங்கே போகிறது. இருபது வயதில் கல்யாணப் பத்திரிகைகள் வந்ததுபோல இப்போது இவை வருகின்றன. யாருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும், எந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேறு வழியும் குறைவு. ஓய்வு பெற்றவர்களுக்கு ஊழியர் அறைப் பேச்சு நின்றுபோகிறது. நல்லது கெட்டது காதில் விழும் வழிகள் அடைபட்டுவிடுகின்றன.

இன்னொன்றும் உண்டு. ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். முதியவர்கள் பழசையே நினைத்துக்கொண்டிருப்பது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்று அதுவரை பல மருத்துவர்கள் எண்ணியிருந்தார்கள். அவர் அதை மறுத்தார். முடிவு அருகில் வருகிறது என்ற உணர்வு வரும்போது மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, தீராமல் கிடப்பவற்றைத் தீர்த்துக்கொள்ள முயல்கிறார்கள், அது இயல்பான மனவேலை என்றார். வாழ்வைத் திரும்பிப் பார்த்தல் என்ற அந்தக் கருத்தை வைத்துத்தான் முதியோருக்கான பல ஆலோசனை முறைகள் பின்னால் வளர்ந்தன. பிறருடைய வாழ்க்கை நாலு வரியில் முடிந்து கிடப்பதைப் பார்க்கும்போது நம்முடைய நாலு வரி என்னவாக இருக்கும் என்று தோன்றுவது அந்த வேலையின் ஒரு பகுதி. முதியவர்கள் எல்லாரும் சாவைக் கண்டு நடுங்குகிறார்கள் என்று இளையவர்கள் நினைப்பதும் தப்பு. நடுவயதுக்காரர்களைவிட முதியவர்களுக்குச் சாவு பயம் பொதுவாகக் குறைவு என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. நீங்களே பத்து ஆண்டுகள் அமைதியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவர்தானே?

நோட்டு அப்படியல்ல. இரண்டாம் பக்கத்தில் நோட்டு எந்த மாதம் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் பக்கத்தில் அலமாரி ஒழித்தது எந்த மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே மாதம். நீங்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தோழியின் படத்தை மடித்து வைத்த கை, சில நாட்களுக்குள் நோட்டில் கோடு போட ஆரம்பித்திருக்கிறது. ஒரு வாரம் பார்க்காமல் விட்டதால்தானே தவறவிட்டோம் என்று, இனி ஒரு நாளும் தவறவிடக் கூடாதென்று காவல் இருக்கிறீர்கள். அந்தக் காவல்தான் களைக்க வைக்கிறது.

அந்தச் சராசரி

கணக்கு டீச்சரின் கணக்கில் பிழை சொல்வதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சராசரியைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். அதிலிருந்து உங்களுக்கு மூன்று ஆண்டு மிச்சம் என்று வந்ததுதான் சரியில்லை.

உங்கள் பட்டியலில் 19 வயதுப் பையன் இருக்கிறான், 43 வயதுக்காரர் இருக்கிறார். சராசரியைக் கீழே இழுப்பவர்கள் அவர்கள். அந்த வயதுகளையெல்லாம் நீங்கள் எப்போதோ தாண்டி வந்துவிட்டீர்கள். 43 வயதில் சாகும் வாய்ப்பு உங்களுக்கு இனி இல்லை. 68ஐ எட்டிவிட்டவர் என்ற நிபந்தனையோடு போட வேண்டிய கணக்கு இது. நிபந்தனை நிகழ்தகவு என்று நீங்களே பலகையில் எழுதியிருப்பீர்கள். உலக அளவில் பிறக்கும்போது எதிர்பார்க்கும் ஆயுள் ஏறத்தாழ 73 ஆண்டுகள். அதைப் பார்த்து 60 வயதுக்காரருக்கு 13 ஆண்டுதான் பாக்கி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். 60ஐ எட்டிவிட்டவருக்கு உலக சராசரி இன்னும் ஏறத்தாழ 20 ஆண்டுகள். குழந்தையிலும் இளமையிலும் இறந்தவர்கள் முதல் எண்ணில் இருக்கிறார்கள், இரண்டாவதில் இல்லை.

இதைவிடப் பெரிய பிழை, உங்கள் பின்னத்தில் பகுதி, அதாவது கீழே வரும் எண், இல்லை என்பது. அந்தப் பக்கத்தில் மேலே வரும் தொகுதி மட்டும்தான் அச்சாகிறது. 68 வயதில் இன்று இறந்தவருக்கு அறிவிப்பு உண்டு. 68 வயதில் இன்று காலை எழுந்து பல் துலக்கியவருக்கு எந்த அறிவிப்பும் இல்லை. அவர்கள் எண்ணிக்கையில் எத்தனையோ மடங்கு அதிகம். எளிதாக நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும் என்பதை ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இலேயே எழுதினார்கள். தினமும் காலையில் பத்து முகங்களை மனப்பாடம் செய்கிறவருக்கு, உலகத்தில் தன் வயதுக்காரர்கள் எல்லாரும் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றாமல் என்ன செய்யும்? போதாததற்கு, அறிவிப்பு கொடுக்க முடிந்த குடும்பங்கள் மட்டுமே அதில் இருக்கின்றன. இந்த மாதிரியை வைத்து ஒரு மாணவி முடிவு எழுதி வந்திருந்தால் நீங்கள் மதிப்பெண் போட்டிருக்கமாட்டீர்கள்.

உண்மையையும் மறைக்கவில்லை. பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற கணிதவியலாளர் 1825இல் காட்டியபடி, பெரியவர்களுக்குச் சாவின் வாய்ப்பு வயதோடு பெருக்குத் தொடராக ஏறுகிறது. சுமார் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. அது யாருக்கும் விலக்கில்லை. ஆனால் அந்தத் தொடரில் உங்கள் இடம் எது என்பதை உங்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நடையும் தூக்கமும்தான் ஓரளவு சொல்லும். முன்பின் தெரியாதவரின் தோற்றம், மறைவு தேதிகளிலிருந்து அதை எடுக்க வழியே இல்லை.

‘நான் இல்லை’ என்ற நிம்மதி

இதற்காக இத்தனை கூச்சம் வேண்டாம் அம்மா. என் முன்னால் உட்கார்ந்து இதையே தலைகுனிந்தபடி சொன்னவர்கள் நிறையப் பேர். பக்கத்தில் இடி விழுந்தால் உடம்பு முதலில் தன்னைத்தான் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். அது பிறர் சாவில் மகிழ்வது ஆகாது. அந்த நொடிக்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அறிவிப்பு பார்த்து நாலு வீடுகளுக்குப் போய் வந்தேன், ஒரு வீட்டில் அந்த அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசாமலே உட்கார்ந்திருந்தேன் என்று.

ஆனால் அந்த நிம்மதி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். +13 போட்டதும் பயம் தணிகிறது. தணிவது அன்றைக்கு மட்டும். மறுநாள் காலை மறுபடி ஒரு கூட்டல் குறி தேவைப்படுகிறது. −4 விழுந்தால் அதை அழிக்க இன்னும் நாலைந்து பெயர்கள் தேட வேண்டியிருக்கிறது. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பவருக்கும் நடப்பது இதுதான். இழுத்துப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் சந்தேகத்துக்குத் தீனி போட்டதாகிறது.

மகன் பேப்பரை நிறுத்தியது

பயந்துபோய்ச் செய்திருக்கிறார் என்று எனக்குப் புரிகிறது. உங்களுக்கும் புரிந்திருக்கிறது; கடிதத்தில் அவரை ஓர் இடத்தில்கூடக் குறை சொல்லவில்லை. ஆனாலும் அவர் செய்தது சரியில்லை என்றுதான் சொல்வேன். நல்ல நினைவோடும் சுய புத்தியோடும் இருக்கிற 68 வயதுப் பெண் எதைப் படிப்பது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். உங்களைக் கேட்காமல் உங்களுக்கு நோய்ப்பெயர் வைக்க அவருக்கு உரிமையில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவரிடம் இழுத்துப்போவதும் முறையில்லை. நீங்களாக ஒரு மருத்துவரைப் பார்த்தால், அங்கே பேசியதை உங்கள் அனுமதியின்றி அவர் உங்கள் மகனிடம் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகள்தான் விதிவிலக்கு.

நிறுத்தியதால் பலனும் இல்லை. பகலில், வெளிச்சத்தில், கணவரின் முணுமுணுப்புக்கு நடுவே கால் மணி நேரத்தில் முடிந்த காரியம் இப்போது நள்ளிரவில் ஒளித்துச் செய்யும் காரியமாகிவிட்டது. பேப்பருக்காவது கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. போனுக்கு அதுவும் இல்லை. அந்தப் பொய்ச் செய்தியும் அங்கேதான் வந்தது. யாராவது இறந்துவிட்டதாகப் பக்கங்களைத் தயாரித்து, தேடி வருபவர்களை வைத்து விளம்பரத்தில் காசு பார்க்கும் தளங்கள் இருக்கின்றன. பெயரும் ஊரும் ஒத்துப்போனாலே போதும், ஏமாந்துவிடுவோம். ஏமாந்தது நீங்கள் மட்டும் அல்ல. அந்த ஆசிரியருக்கு ஒரு போன் போட்டு “உங்கள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது” என்று சொல்லுங்கள். இனி, வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்யாமல் எந்த மரணச் செய்தியையும் குழுவில் போடாதீர்கள்.

மகனிடம் பேசும்போது நோட்டைப் பற்றி வாதாட வேண்டாம். தோழியைப் பற்றிச் சொல்லுங்கள். அவருக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன். பேப்பரை மறுபடி போடச் சொல்லுங்கள். அதற்கு ஈடாகப் போனை இரவில் படுக்கையறைக்கு வெளியே வைக்கிறேன் என்று நீங்கள் வாக்குக் கொடுங்கள்.

மாத்திரை விஷயம்

இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். கணவருக்கு எழுதிய மாத்திரை அவர் வயதுக்கும் எடைக்கும் சிறுநீரகத்துக்கும் அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளுக்கும் பார்த்து எழுதியது. பெரும்பாலான தூக்க மாத்திரைகள் முதியவர்களுக்கு இரவில் தள்ளாட்டத்தைக் கொடுக்கும். கழிப்பறைக்கு எழுந்து போகையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களில் பலர் இப்படிப்பட்டவர்கள்தாம். மறுநாள் மறதியும் மந்தமும் வரும். பழகிவிட்டால் அது இல்லாமல் தூக்கமே வராது. இரண்டு மாதமாக எடுத்திருப்பதால், ஒரேயடியாக நிறுத்தலாமா, படிப்படியாகக் குறைக்க வேண்டுமா என்பதை மாத்திரைப் பட்டையோடு போய் மருத்துவரிடம் கேளுங்கள். பாதிதானே என்று மறைக்காதீர்கள்.

மருந்து தேவையா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. நேரில் பார்க்கிற மருத்துவர் சிலவற்றைக் கேட்பார். முதியோர் மனச்சோர்வை அறிய 15 கேள்விகள் கொண்ட ஒரு சிறிய அளவுகோல் இருக்கிறது. எல்லாம் ஆம், இல்லை என்று சொல்லும் கேள்விகள். பிடித்த காரியங்களை விட்டுவிட்டீர்களா, வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா என்பது போலப் போகும். நோட்டு வேலைக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது என்றும் கேட்பார். செய்யாமல் இருக்க முடியவில்லை, தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, அன்றாட வேலை கெடுகிறது என்றால், ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து பிடித்துக்கொள்ளும் எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அப்படியே இருந்தாலும் பேச்சு வழிச் சிகிச்சையிலேயே நல்ல பலன் உண்டு. தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தசோகை ஆகியவற்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இவையும் தூக்கத்தையும் மனத்தையும் கெடுக்கும்.

நோட்டை என்ன செய்வது

எரித்துவிடச் சொல்லமாட்டேன். மகனும் தொட வேண்டாம். முதல் வாரம் மூன்றாவது பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள். பெயரும் வயதும் எழுதலாம். கூட்டல், கழித்தல் குறி வேண்டாம். கை துடிக்கும். துடிப்பு ஏறி, கொஞ்ச நேரம் நின்று, தானாக இறங்கும். எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்று வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்குக் கணக்குப் பிடிக்குமே. அடுத்த வாரம் வயதையும் விடுங்கள். அதற்கடுத்து, தெரிந்தவர் பெயர் மட்டும். மாதச் சராசரி இனி என்றைக்கும் வேண்டாம். பேப்பரை எந்த நேரம் படித்தாலும் சரி. விளக்கணைத்த பிறகு வேண்டாம்.

நடுவில் ஒருநாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மறுநாள் தொடருங்கள்.

தோழி

கடிதத்தில் தோழிக்கு நீங்கள் கொடுத்தது முக்கால் பக்கம். அதற்குள் மூன்று முறை “எனக்கு அழ உரிமையில்லை” என்று எழுதிவிட்டீர்கள். பேச்சில்லாமல் இருந்தவள், இறுதிச் சடங்குக்குப் போகாதவள், உறவும் இல்லை என்று காரணங்களும் சொல்கிறீர்கள்.

கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1989இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். ஊரார் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று தமிழில் சொல்லலாம். மணமுறிவுக்குப் பிறகு இறந்த கணவர், வெளியே சொல்லாத காதலர், கருவிலேயே போன குழந்தை, பேச்சு நின்றுபோன தோழி. இவர்களுக்காக அழுபவருக்கு ஆறுதல் சொல்ல யாரும் வருவதில்லை. விடுப்பு எடுக்க முடியாது. ‘உனக்கென்ன’ என்று கேட்பார்கள், அல்லது நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம். துக்கம் உள்ளே கிடந்து வேறு உருவத்தில் வெளியே வரும். உங்களுக்கு அது மூன்று பத்தி நோட்டாக வந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

19 ஆண்டுகள் ஒரு மேசை. அதற்குப் பிறகு 12 ஆண்டு மௌனம். அந்த மௌனத்தில் பாதி அவருடையது, அம்மா. அவரும் போனை எடுத்திருக்கலாம். குற்றத்தை முழுசாக நீங்களே சுமப்பதும் ஒரு வகையில் அவரை அந்த நட்பிலிருந்து விலக்கி வைப்பதுதான். சண்டை போட்டவர்களும் சொந்தம்தான். அழுங்கள். மடித்து வைத்த அந்தப் பேப்பரை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு அழுங்கள். முடிந்தால் கணவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

பிறகு, அறிவிப்பின் கீழ்ப்பகுதியைப் படியுங்கள். இத்தனை நாளும் நீங்கள் மேலே இருக்கும் தேதிகளைத்தான் படித்து வந்திருக்கிறீர்கள். கீழே இருப்பது உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள். உங்கள் தோழிக்கு ஒரு மகள் உண்டு என்றும், சிறு பெண்ணாக ஆசிரியர் அறைக்கு வருவாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு எழுதுங்கள். 14 மாதம் கழித்து எழுதினால் என்ன நினைப்பாளோ என்று தயங்காதீர்கள். முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள்; ஓராண்டு கழிந்த பிறகு அம்மா பெயரை யாரும் எடுப்பதில்லை என்பதுதான் என்னிடம் வரும் பிள்ளைகளின் குறை.

என் அப்பா இறந்த இரவு, அறிவிப்புக்கான வாசகத்தை நானும் என் அக்காவும் எழுதினோம். கொடுத்த கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக அடித்தோம். பேரன், பேத்தி பெயர்களுக்கே இடம் போதவில்லை. அவர் வாசலில் வந்து இறங்கும்போது சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பார் என்பதெல்லாம் அதில் எங்கே வரும்? இரண்டு ஆண்டு கழித்து, அவரோடு வேலை பார்த்த ஒருவர் எங்களுக்கு ஒரு கடிதம் போட்டார். அலுவலகத்தில் அப்பா மத்தியானம் எல்லாருக்கும் பேப்பரை உரக்கப் படித்துக் காட்டுவாராம். வீட்டில் பேசவே பேசாத மனிதர். அக்கா அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பல மாதம் திரிந்தார்.

அதனால் கடிதத்தை மன்னிப்பில் தொடங்காதீர்கள். பதவி உயர்வு விஷயமும் வேண்டாம்; அந்தப் பெண் தீர்க்கக்கூடியது அல்ல அது. நீங்கள் யார் என்று ஒரு வரி, தாமதமாகத் தெரிந்துகொண்டேன் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு பச்சை மையைப் பற்றி எழுதுங்கள். பாட்டில் எங்கே வாங்குவார், விரலில் கறை எந்தப் பக்கம் இருக்கும், பெயிலான பையனின் தாளில் ஓரத்தில் என்ன எழுதுவார் என்று உங்களுக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். அம்மா ஏன் பச்சை மையில் திருத்தினார் என்பது அவளுக்குத் தெரியாமலே இருக்கலாம்.